சுரங்க ரெயின் ஸ்ரேசனிலை நாள் முழுக்க என்ன வேலை? அம்மா கேக்கிறா

கரடிப்போக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி என்ர இல்லை, அம்மான்ர.

அண்ணா லண்டனிலை. போன மாசம் நிலத்துக்குக் கீழை ஓடுற ரெயினிலை வேலை கிடைச்சிருக்கு. ரெயின் ஓட்டுற வேலை இல்லை, ஸ்ரேசனிலை நிக்கிற வேலை. முதல் நாள் அம்மா போனிலை "என்னடா தம்பி வேலை?" எண்டு கேக்க, "நிக்கிறதுதான் அம்மா" எண்டு சொல்லிப்போட்டார். அண்டைக்குத் தொடங்கினது. மண்ணுக்குள்ளை எட்டு மணித்தியாலம் சும்மா நிக்கிறதுக்கு ஆரும் சம்பளம் குடுப்பினமோ, இவன் எதையோ மறைக்கிறான் எண்டு அம்மா ஒரே புறுபுறுப்பு.

விசயம் இதுதான். 2009 இலை நாங்கள் கிளிநொச்சியிலையிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன் வரைக்கும் போனனாங்கள். போன இடமெல்லாம் பங்கர் வெட்டினது. எனக்கு அப்ப பத்து வயசு, அண்ணாவுக்குப் பதினைஞ்சு. மண்வெட்டி பிடிச்சது அண்ணாதான். நிலத்துக்குக் கீழை எண்டாலே அம்மாவுக்கு இப்பவும் முகம் மாறும். போன வருசம் கக்கூசுக் குழி வெட்டேக்கை கூட வீட்டுக்குள்ளை போய் இருந்திட்டா.

அண்ணா போனிலை கன நேரம் கதைக்க மாட்டார், கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" எண்டு முடிச்சிடுவார். அதாலை உங்களைக் கேக்கிறன். அங்கை காத்து எப்பிடி வருது? மழை பெய்தால் தண்ணி உள்ளுக்கை இறங்காதோ? கறண்ட் போனால் என்ன செய்வினம்? காலமை போனால் பின்னேரம் வரைக்கும் ஸ்ரேசனிலை நிக்கிற ஆள் உண்மையிலை என்னதான் செய்யிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டப் போறன்.


லாச்சப்பல் எழுதியது:

நான் பாரிஸ். இஞ்சை எங்கட கடையள் இருக்கிற லாச்சப்பல் ஸ்ரேசனுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு பயமும் இல்லை. மெத்ரோ எண்டு பேர்தான், அது ரோட்டுக்கு மேலை தூணிலை ஓடுது. 😄 லண்டனைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆக்கள் வருவினம்.


வீரைமரம் எழுதியது:

தங்கச்சி, நான் 17 வருசம் அந்த வேலை செய்துபோட்டு வந்து இப்ப முள்ளியவளையிலை கச்சான் போடுறன். போனிலை ஒரு விரலாலை அடிக்கிறன், பிழை இருந்தால் பொறுக்கோணும். நீளமாத்தான் வரும்.

அண்ணா சொன்னது பொய்யில்லை. நிக்கிறதுதான் வேலை. ஆனா அவர் நிக்காட்டி அந்த ஸ்ரேசனைத் திறக்கேலாது. இதை முதல் சொல்லுங்கோ அம்மாவுக்கு. நிலத்துக்குக் கீழை இருக்கிற ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் ஆகக் குறைஞ்சது இத்தினை பேர் கடமையிலை நிக்கோணும் எண்டு கணக்கு இருக்கு. ஒராள் சுகமில்லை எண்டு வராமல் விட்டு, பதிலுக்கு ஆளும் கிடைக்காட்டி, இரும்புக் கேற்றை இழுத்து மூடி "ஆள் இல்லை, அடுத்த ஸ்ரேசனுக்குப் போங்கோ" எண்டு மட்டை எழுதித் தூக்கவேண்டியதுதான். நானே ரெண்டு மூண்டு தரம் எழுதியிருக்கிறன். சனம் ஏசும் ஏச்சிருக்கே!

அந்தக் கணக்கு சும்மா வரேல்லை. 1987 நவம்பர் 18, பின்னேரம் ஏழரை மட்டிலை, கிங்ஸ் குரொஸ் ஸ்ரேசனிலை மரத்தாலை செய்த எஸ்கலேற்றர் ஒண்டிலை நெருப்புப் பிடிச்சது. ஆரோ சிகரெட் பத்தவைச்சிட்டு விட்ட நெருப்புக்குச்சி படிக்கும் பக்கப் பலகைக்கும் இடையாலை கீழை விழுந்திட்டுது. கீழை வருசக்கணக்காச் சேந்த கிறீஸ், கடதாசி, தும்பு, தலைமயிர். ஸ்ரேசனுக்குள்ளை புகைக்கக் கூடாது எண்டு ரெண்டு வருசத்துக்கு முதலே தடை வந்திட்டுது, ஆனா சனம் வெளியிலை போற எஸ்கலேற்றரிலை ஏறேக்கையே பத்தவைச்சிடும். முதல் பாத்த ஆக்களுக்கு அது ஒரு கடதாசிப் பெட்டி எரியிற அளவு நெருப்புத்தான். கால் மணித்தியாலத்திலை ரிக்கற் மண்டபம் முழுக்க ஒரேயடியாப் பத்தினது. 31 பேர் செத்தவை. தண்ணியைப் பனிப்புகார் மாதிரித் தெளிச்சு நெருப்பை அமத்துற கருவி அங்கையே இருந்தது, பாவிக்கப் பழகின ஆள் இல்லை. அதுக்குப் பிறகு 1989 இலை சுரங்க ஸ்ரேசனுகளுக்கெண்டே தீப்பாதுகாப்பு விதி வந்தது. ஆள்க்கணக்கு, பயிற்சி, எல்லாம் அதிலையிருந்து வந்ததுதான். மர எஸ்கலேற்றர் கடைசியா ஒண்டு மிஞ்சி இருந்தது, அதையும் 2014 இலை கழட்டிப்போட்டினம்.

அதாலை உங்கட அண்ணாவை எடுத்த உடனை ரிக்கற் கிழிக்கப் பழக்கியிருக்க மாட்டினம். எந்தக் கதவு எங்கை போகுது, எந்த அலாரத்துக்கு எது, இருட்டிலை சனத்தை எந்தப் பக்கத்தாலை எடுக்கிறது, இதைத்தான் முதல் பழக்கியிருப்பினம். கேட்டுப் பாருங்கோ.

இனி நாள். என்ர காலமை ஷிப்ற்றைச் சொல்லுறன், எனக்கு அதுதான் பிடிக்கும். முதல் ரெயினுக்கு முன்னமே ஸ்ரேசனுக்குப் போகோணும், ரெயின் இல்லாத நேரம் எண்டபடியாலை இரவு பஸ்ஸிலைதான் போறது. பஸ்ஸிலை குடிச்சுப்போட்டு வீட்டை போற ஆக்கள் பாதி, வேலைக்குப் போற கறுப்பர், தமிழர், வங்காளியள் பாதி. போய் மேற்பார்வையாளரிட்டைக் கையெழுத்து, வோக்கிடோக்கி, திறப்புக் கோர்வை, செம்மஞ்சள் மேலங்கி. இரவு ரெயின் ஓடாத அந்த நாலு மணித்தியாலத்துக்குள்ளைதான் தண்டவாளம் பழுது பாக்கிற ஆக்கள் உள்ளுக்கை வேலை செய்வினம். அவை எல்லாரும் வெளியிலை வந்திட்டினம், சாமான் ஒண்டும் விடேல்லை எண்டு உறுதியானாப் பிறகுதான் தண்டவாளத்துக்குக் கறண்ட் வரும். அங்கை ஒரு பாதைக்கு நாலு தண்டவாளம். ரெண்டிலை சில்லு ஓடும், மற்ற ரெண்டிலையும் கறண்ட், 600 வோல்றுக்கு மேலை. இரவிலை சுரங்கத்துக்குள்ளை தும்பும் தலைமயிரும் பொறுக்குறதுக்கெண்டே ஒரு கூட்டம் இருக்கு. கோடிக்கணக்கான சனத்தின்ர தலைமயிர் எல்லே. அவையோடை ஒப்பிட்டால் எங்கட வேலை ராசா வேலை.

பிறகு நான் ரோச்சோடை ஒரு சுத்து நடப்பன். ஒவ்வொரு படி, ஒவ்வொரு ஒழுங்கை, பிளாட்போம் நுனி வரைக்கும். அவசர லைற் எரியுதோ, நெருப்பு அணைக்கிற சிலிண்டர் இடத்திலை இருக்கோ, உதவி கேக்கிற பட்டன் வேலை செய்யுதோ. எஸ்கலேற்றரிலைதான் எனக்கு மினைக்கெடுறது. ஒருத்தரும் அதிலை இல்லை எண்டு மேலையும் கீழையும் கண்ணாலை கண்டுதான் திறப்புப் போட்டு ஓடவிடுறது. படி போய் உள்ளுக்கை மறையிற இடத்திலை சீப்பு மாதிரிப் பல்லுத்தகடு ஒண்டு இருக்கு. அந்தச் சீப்பிலை ஒரு பல்லு உடைஞ்சிருந்தாலும் ஒரு சின்னப் பிள்ளையின்ர றப்பர் செருப்பு நுனி உள்ளுக்கை போகும், செருப்போடை விரலும் போகும். முழங்காலிலை இருந்து ரோச்சைப் படுக்கப் பிடிச்சால் உடைஞ்ச பல்லு நிழல் விழாமல் வெளிச்சுக் காட்டும். நேர மேலையிருந்து அடிச்சால் தெரியாது. எனக்கு இதைக் காட்டித் தந்தது ஒரு ஜமேக்கா அம்மா, 30 வருசம் வேலை செய்தவ.

கேற் திறந்தாப் பிறகு ரிக்கற் கதவடி. முந்தி ரிக்கற் வித்த கண்ணாடிக் கூடுகளை 2015 இலை மூடிப்போட்டு, உள்ளுக்கை இருந்த ஆக்களையும் வெளியிலை விட்டவை. சனம் ரிக்கற் காட்டைத் தட்டிப் போகும், தட்டுப்படாத ஆள் எங்களிட்டை வரும். அங்கை நிக்க ஆள் இல்லாட்டி தானியங்கிக் கதவுகளைத் திறந்துதான் விடோணும், ஏனெண்டால் அவசரம் எண்டு வந்தால் சனம் அதுக்குள்ளை முட்டுப்படக் கூடாது. காசு கட்டாமல் ஓடுற ஆளைத் துரத்திப் பிடிக்கிறது என்ர வேலை இல்லை. புதுசிலை துரத்திப்போய் ஒருக்கா வாயிலை குத்து வாங்கினன். பிறகு ஓடுறவனுக்கு "குட் மோர்னிங்" சொல்லப் பழகியிட்டன்.

எட்டு மணிக்குப் பிறகு பிளாட்போம். இதிலைதான் "நிக்கிறது" எண்ட சொல்லுக்கு அர்த்தம். ரெண்டு நிமிசத்துக்கு ஒரு ரெயின், ஒவ்வொண்டிலையும் நூற்றுக்கணக்கிலை இறங்கும். இறங்கினது போறதுக்கு முதல் அடுத்தது வந்திடும். நான் பாக்கிறது ரெயினை இல்லை, காலுகளை. மஞ்சள் கோட்டுக்கு அங்காலை எத்தினை கால். கூடிப் போச்சுதெண்டால் வோக்கிடோக்கியிலை மேலை சொல்லுவன், அவை வாசலை மறிச்சு ஐஞ்சு பத்து நிமிசம் ஒருத்தரையும் உள்ளுக்கை விடாயினம். மேலை நிக்கிற சனத்துக்கு அது அநியாயமாத் தெரியும். கீழை நிக்கிறவனுக்குத்தான் விளங்கும்.

அம்மாவுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கோ, அவவுக்கு விளங்கும். உலக யுத்தத்திலை ஜேர்மன்காரர் குண்டு போடேக்கை லண்டன் சனத்துக்கு இந்த ஸ்ரேசனுகள்தான் பங்கர். பாய் தலைகாணியோடை பிளாட்போமிலை வரிசையாப் படுத்தவை. 1943 மார்ச் 3 இரவு பெத்னல் கிறீன் ஸ்ரேசனிலை, அது இன்னும் ரெயின் ஓடத் தொடங்காத ஸ்ரேசன், சைரன் அடிக்க சனம் இறங்குது. மழை ஈரம், படியிலை வெளிச்சம் காணாது. கிட்டடியிலை புதுசாக் கொண்டுவந்த விமான எதிர்ப்பு றொக்கற் வெடிச்ச சத்தத்திலை பின்னாலை நிண்டது தள்ள, படியடியிலை ஒரு பொம்பிளை விழுந்தா. அவவுக்கு மேலை மற்ற ஆக்கள். 173 பேர். குண்டு ஒண்டுமே அங்கை விழேல்லை. அண்ணா படியடியிலை நிண்டு "ஆறுதலா, ஆறுதலா" எண்டு தொண்டை கிழியச் சொல்லுறதுக்கும் சம்பளம் குடுக்கத்தான் வேணும்.

காத்தைக் கேட்டியள். ரெயின், ஊசிக் குழாய்க்குள்ளை தள்ளுற தண்டு மாதிரி, சுரங்கத்திலை முன்னுக்கு இருக்கிற காத்தைத் தள்ளிக்கொண்டு வரும், பின்னாலை இழுத்துக்கொண்டு போகும். அதோடை மேலை நிலத்துக்குத் திறந்த கிணறு மாதிரிக் காத்துக் குழாயளும் பெரிய விசிறியளும் இருக்கு. ஒரு மாசம் நிண்டாப் பிறகு ரெயின் வாறதைச் சத்தத்துக்கு முதலே அறியலாம்: முதல் பிடரியிலை காத்துப் படும், பிறகு தண்டவாளத்திலை ஒரு சின்னச் சிணுங்கல், பிறகுதான் வெளிச்சம். சுரங்கத்து எலியளுக்கும் அது தெரியும், காத்து வந்த உடனை தண்டவாளத்துக்குக் கீழை ஓடி ஒளிச்சிடும். குளிர் இல்லை, சூடுதான் கரைச்சல். சுத்திவர இருக்கிற களிமண் நூறு வருசத்துக்கு மேலை ரெயின் சூட்டைக் குடிச்சுக் குடிச்சு இப்ப விடுறதுக்கு இடமில்லாமல் கிடக்கு. வெயில் காலத்திலை எனக்கு வட்டுவாகல் வெயில் நினைப்பு வரும். தண்ணிக்கு இரவு பகலா பம் ஓடும். கறண்ட் போனால் அவசர லைற் தானா எரியும்.

பாதியிலை விட்டிட்டன், சாப்பாடு. மெஸ் றூம் ஒண்டு இருக்கு. அதிலை மைக்கிறோவேவிலை மீன்குழம்பு சூடாக்கினால் எல்லாரும் சேந்து ஏசுவினம். அண்ணாவுக்குப் பருப்பும் சோறும் கட்டச் சொல்லுங்கோ.

அதே மெஸ் றூமிலை ஒரு விசயம் நடந்தது. நான் சேந்து ரெண்டாம் கிழமை, ஸ்பீக்கரிலை "இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ் உடனை கட்டுப்பாட்டு அறைக்கு வரவும்" எண்டு ஒரு குரல். நான் ரீ குடிச்சுக்கொண்டு இருக்கிறன், வாற இன்ஸ்பெக்டருக்கு எழும்பி நிக்கோணுமோ எண்டு யோசிச்சுக்கொண்டு. பாத்தால் மற்ற எல்லாரும் கதிரையைத் தள்ளிப்போட்டு ஓடுகினம். அப்பிடி ஒரு ஆளே இல்லை. எங்கையோ நெருப்பு அலாரம் அடிச்சிட்டுது, போய்ப் பாருங்கோ எண்டு சனம் பதறாமல் எங்களுக்கு மட்டும் சொல்லுற சங்கேதம் அது. குறிச்ச நேரத்துக்குள்ளை போய் என்னெண்டு பாத்துச் சொல்லாட்டி ஸ்ரேசன் முழுக்க வெளியேறச் சொல்லி அறிவிச்சிடும். அண்டைக்கு நடந்தது, எங்கட ஆள் ஒருத்தர் பாண் வாட்டப் போட்டிட்டு ரெலிபோன் கதைக்கப் போனது.

அநாதரவாக் கிடக்கிற பையள் தனிக்கதை. ஒரு நாளைக்கு எத்தினை! ஒவ்வொண்டுக்கும் ஸ்ரேசனை மூடினால் லண்டன் நிண்டிடும். அதுக்கு மூண்டு கேள்வி. ஒளிச்சு வைச்ச மாதிரி இருக்கோ? வயர், மணம், ஏதும் பார்க்கவே சந்தேகமோ? இல்லாட்டி அந்த இடத்திலை வழமையாச் சனம் விட்டிட்டுப் போற சாமானோ? மூண்டுக்கும் மறுமொழி பாத்துத்தான் முடிவு. எங்களுக்கு ஊரிலை படிப்பிச்சது ஒரே கேள்விதானே, தெரியாத சாமானைத் தொடாதே எண்டு மட்டும். மீள்குடியேறின புதுசிலை மிதிவெடி எண்டு போட்ட மண்டையோட்டுப் பலகைக்கு இங்காலை நிண்டு வளவைப் பாத்துக்கொண்டு இருந்த ஆக்கள் நாங்கள். முதல் ஒரு வருசம் பை ஒண்டுக்குக் கிட்டப் போகேக்கை என்ர கால் தன்ரபாட்டிலை நிக்கும். ஒருக்கா ரிக்கற் மெசினடியிலை நீல சூட்கேஸ் ஒண்டு. நட்டநடுவிலை, எல்லாருக்கும் தெரியக் கிடக்கு, சிப் பாதி திறந்து பிள்ளையின்ர காற்சட்டை ஒண்டு வெளியிலை தொங்குது. மூண்டு கேள்விக்கும் பயமில்லை எண்டுதான் மறுமொழி. ஆனாலும் மேற்பார்வையாளர் வரும்வரைக்கும் தூக்கேல்லை நான். கால் மணித்தியாலத்தாலை ஒரு தாய் அழுதுகொண்டு ஓடி வந்தா.

எனக்குப் பிடிச்ச வேலையைக் கடைசியாச் சொல்லுறன். கண் தெரியாத ஆக்களை ரெயினிலை ஏத்துறது. முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, நேரை வந்து கேட்டால் சரி. அவையின்ர கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. எங்கட முழங்கையைக் குடுக்கோணும், அவை பிடிப்பினம், நாங்கள் அரை அடி முன்னுக்கு நடக்கிறது. எஸ்கலேற்றருக்கு முன்னாலை ஒரு கணம் நிண்டு "இப்ப ஏறுது" எண்டு சொல்லோணும், ஏறுதோ இறங்குதோ எண்டு அவைக்குத் தெரியாது பாருங்கோ. ஏத்தின உடனை அவை இறங்கிற ஸ்ரேசனுக்குப் போன் அடிச்சு எத்தினையாம் பெட்டி, எத்தினையாம் கதவு எண்டு சொன்னால் அங்கை ஒராள் அந்தக் கதவடியிலை நிப்பார். ஒரு வயசுபோன மனிசன் கிழமையிலை ரெண்டு நாள் வருவார். என்ர முழங்கையைத் தொட்ட உடனை "நீ மெலிஞ்சிட்டாய்" எண்டுவார். நான் ஊருக்கு வந்தாப் பிறகு அவருக்கு ஆர் கை குடுக்கினமோ தெரியாது.

இந்தப் பந்தியை அம்மாவுக்கு வாசிக்காதேங்கோ. ரெயினுக்கு முன்னாலை பாயிற ஆக்களும் இருக்கினம். ரெயின் வர வர ஏறாமல் பிளாட்போம் நுனியிலை தனிய நிக்கிற ஆளைக் கண்டால் போய்க் கதை குடுக்கச் சொல்லிப் பயிற்சி தருவினம். "ரீ குடிச்சியோ?" எண்டு கேட்டால் கூடக் காணும். நான் அப்பிடி ரெண்டு பேரோடை கதைச்சிருக்கிறன், ரெண்டு பேரும் படியேறி வீட்டை போனவை. கதைக்கக் கிடைக்காத ஒருத்தரும் இருந்தார். அதுக்குப் பிறகு லீவு தருவினம், கதைக்க ஆள் தருவினம். அண்ணா ஏதாவது ஒரு நாளைக்கு வழமையிலும் குறையக் கதைச்சால் கிண்டாதேங்கோ.

இனி வாசிக்கலாம். அது நிலத்துக்குக் கீழை எண்டு பேர் எடுத்தாலும் 272 ஸ்ரேசனிலை கன ஸ்ரேசன் வானத்தைப் பாத்தபடிதான். பாதையிலை பாதிக்குக் குறையத்தான் சுரங்கம். அண்ணா எந்த ஸ்ரேசன் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. சிலநேரம் நீங்கள் எல்லாம் வீணாக் கவலைப்படுறியளோ தெரியாது.


பாலியாறு எழுதியது:

வீரைமரம் அண்ணை, மருமகன் ஒருத்தர் ஸ்ருடன்ற் விசாவிலை நிக்கிறார். உந்த வேலைக்குச் சேர்க்கலாமோ? சம்பளம் எவ்வளவு வரும்?


வீரைமரம் எழுதியது:

தம்பி, அது அந்தப் பிள்ளையின்ர விசாவிலை என்ன எழுதியிருக்கோ அதுதான். ஆள்சேர்ப்பு அவையின்ர இணையத்திலை தான் வரும். காசு வாங்கிச் சேர்த்து விடுறன் எண்டு ஆரும் வந்தால் வாசலோடை அனுப்புங்கோ.


கைகாட்டி எழுதியது:

நான் வடக்குப் பாதையிலை, ஓமந்தைக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலை ஒரு சின்ன ஸ்ரேசனிலை வேலை. பேர் ஊர் வேண்டாம். வீரைமரம் அண்ணை எழுதினதை வாசிக்கச் சிரிப்பாயும் கிடக்கு, பொறாமையாயும் கிடக்கு. அவருக்கு ரெண்டு நிமிசத்துக்கு ஒரு ரெயின். எனக்கு ஒரு ரெயின் போனால் அடுத்ததுக்கு முதல் சமைச்சுச் சாப்பிட்டு நித்திரையும் கொள்ளலாம். (கொள்ளுறேல்லை.)

ஆனா வேலையின்ர உள்ளடக்கம் ஒண்டுதான். அவர் காலைப் பாக்கிறார், நான் மாட்டைப் பாக்கிறன். மாரியிலை வயல் எல்லாம் தண்ணி, கல்லுப் போட்ட பாதைதான் காஞ்ச மேடு. பின்னேரமானால் ஊர் மாடு முழுக்கத் தண்டவாளத்திலை வந்து படுத்திடும். இரவு மெயில் வாற நேரம் ரோச்சும் தடியுமா நானும் கேற் காக்கிற பெடியனும் கலைக்கிறது. கலைச்சால் பத்து யார் தள்ளிப்போய்த் திரும்பவும் படுக்கும். சொந்தக்காரர் ஆரெண்டு கேட்டால் ஒருத்தரும் இல்லை. மாடு அடிபட்டால் மட்டும் காலமை மூண்டு பேர் வந்து "என்ர மாடு" எண்டு நிப்பினம். ஓமந்தைக்கு இங்காலை யானைக் கரைச்சல் வேறை.

தங்கச்சியின்ர அம்மாவுக்கு ஒண்டு சொல்லலாம். 1990 இலை நிண்ட ரெயின் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்ரெம்பரிலை. இடையிலை அந்தத் தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் எங்கை போனது எண்டு வன்னியிலை ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. பங்கருக்கு மேலை போட்டதே அதுதானே. அப்பா சொல்லுவார், எங்கட வளவு பங்கருக்கு நாலு துண்டு தண்டவாளம் கிடந்தது, பாதை போடேக்கை வந்து கேப்பினமோ எண்டு பயந்துகொண்டு இருந்தனாங்கள் எண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாம் புதுசாக் கொண்டுவந்துதான் போட்டவை. அந்த நாலிலை ஒண்டு இப்பவும் எங்கட கிணத்தடியிலை, உடுப்புத் தோய்க்கிற கல்லுக்கு முண்டு.


கரடிப்போக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு இரவு வாசிச்சன். வாசிக்க வேண்டாம் எண்ட பந்தியை விட்டிட்டன், ஆனா அம்மா "ஏன் நிப்பாட்டினனீ?" எண்டு கேட்டவ. எழுத்துத் தெளிவில்லை எண்டு சொன்னன். நம்பேல்லை.

பெத்னல் கிறீன் கதைக்கு அம்மா ஒண்டும் பறையேல்லை. கைகாட்டி அண்ணை எழுதினதுக்குச் சிரிச்சா. "அப்ப நானும் ரெயில் பாதைக்குக் கீழைதான் இருந்திருக்கிறன், எனக்கு ஒருத்தரும் சம்பளம் தரேல்லை" எண்டா. கன நாளைக்குப் பிறகு பங்கரைப் பற்றிச் சிரிச்சுக் கதைச்சது. இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸை ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னவ.

இப்ப அம்மாவுக்கு ஒரு கேள்விதான் மிச்சம். வெளியிலை வர எத்தினை வாசல்? எங்கட பங்கரை எப்பவும் "எல்" வடிவிலை வெட்டி ரெண்டு வாசல் வைப்பம், ஒண்டு மூடுப்பட்டால் மற்றதாலை வர. அண்ணாதான் ரெண்டாவது வாசலை வெட்டுறவர். அங்கையும் அப்பிடி இருக்கோ எண்டு கேக்கச் சொன்னவ.


வீரைமரம் எழுதியது:

அம்மா கேட்டது சரியான கேள்வி. எங்களுக்குப் பயிற்சியிலை கேட்டதும் இதுதான்.

ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் வித்தியாசம். எஸ்கலேற்றர் இருக்கிற இடத்திலை அதுவும் படியும், லிஃப்ற் இருக்கிற பழைய ஸ்ரேசனுகளிலை லிஃப்ற்றும் கிணறு மாதிரிச் சுத்திச் சுத்தி ஏறுற படியும். ஆக ஆழமானது ஹாம்ஸ்ரெட், 320 படி. கொவென்ற் கார்டனிலை 193, அதைக் கீழையே பலகையிலை எழுதி வைச்சிருக்கினம், அவசரம் இல்லாட்டி ஏறாதேங்கோ எண்டு. வாசிச்சும் ஏறி நடுவிலை இருந்து மூச்சு வாங்குற வெள்ளையளை நான் கைபிடிச்சு ஏத்தியிருக்கிறன்.

ஆனா பங்கருக்கு இல்லாத வாசல் ஒண்டு அங்கை இருக்கு. மேலை போற வழி புகையாலை அடைபட்டால் நாங்கள் சனத்தை மேலை விடமாட்டம். வாற ரெயினை நிப்பாட்டி அதிலை ஏத்தி அடுத்த ஸ்ரேசனுக்கு அனுப்புவம். 1987 இலையும் கீழை நிண்ட கன பேரை அப்பிடித்தான் காப்பாத்தினவை. ரெயினே வாசல்.


கரடிப்போக்கு எழுதியது:

வாசிச்சன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அப்ப சரி" எண்டா. பிறகு என்ர போனைப் பறிச்சு அண்ணாவுக்கு வொய்ஸ் அனுப்பினவ, உன்ர ஸ்ரேசனிலை எத்தினை படி எண்டு எண்ணிச் சொல்லு, பலகையைப் பாத்துச் சொல்லாதை, ஏறி எண்ணு எண்டு.

அண்ணா சிரிக்கிற படம் ஒண்டு போட்டிருக்கிறார். நாளைக்குக் காலமை ஷிப்ற்றாம், முதல் ரெயினுக்கு முன்னம் எண்ணிப்போட்டுச் சொல்லுறாராம்.